தட்டில் தெரியும் சிலந்தி வலை

சுட்டிகளே, இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் தட்டைப் பாருங்கள்.

என்ன தெரிகிறது? நடுவில் டார்ச்சின் பிம்பம். அதைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய வெள்ளிக் கோடுகள். அசல் சிலந்தி வலை!

இப்போது தட்டை ஆட்டாமல் டார்ச்சை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். வலையும் கூடவே நகர்கிறதா? அட, தட்டில் கீறிய கோடு எப்படி நகரும்?

கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

தட்டில் இருப்பது வட்டம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போட்ட ஆயிரக்கணக்கான கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை ஒளியை வேறு பக்கம் விரட்டிவிடுகின்றன. அதனால் வெளிச்சம் எங்கே போனாலும் அதைச் சுற்றி ஒரு வலை எழுகிறது. இது உங்கள் கண் சேர்த்துக் கோத்த வலை.

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இந்த வலையை அவன் தட்டில் பார்க்கவில்லை. அவன் அப்பாவின் பழைய சிவப்புக் காரில் பார்த்தான். மத்தியான வெயிலில் பானெட்டைக் காட்டி, "மாமா, இங்க சிலந்தி கூடு கட்டியிருக்கு. துடைச்சாலும் போக மாட்டேங்குது" என்றான். துடைத்துத் துடைத்துத்தான் அந்தக் கூடே வந்தது என்று சொன்னேன். தூசியோடு சேர்த்துக் காய்ந்த துணியால் தினமும் துடைத்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கோடு போடும்.

அவன் அப்பா, அதாவது எங்கள் அத்தான், பாலிஷ் போடும் மெஷின் வாங்கக் கிளம்பினார். காருக்கு மட்டுமல்ல. அவரிடம் ஒரு பழைய புல்லட் பைக்கும் உண்டு. அதன் எஞ்சினை மூடியிருக்கும் அலுமினிய மூடிகள் வெளுத்துப் போயிருந்தன. அவற்றையும் அதே மெஷினில் பளபளப்பாக்கிவிட வேண்டுமாம். கடைக்கு நாங்கள் மூவரும் போனோம்.

கடைக்காரர் மேஜை மேல் மூன்று மெஷின்களை வைத்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. விலையில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். அக்கா மகன் கேட்டான்: "எல்லாமே சுத்தத்தானே போகுது? அப்புறம் எதுக்கு மூணு?"

சபாஷ்! அந்தக் கடையில் அன்று கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுதான். விலை கேட்டவர்கள் நிறையப் பேர். எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டவன் அவன் ஒருவன்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பளபளப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

கிணற்றில் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் அசையாமல் இருந்தால் உங்கள் முகம் தெரியும். ஒரு கல்லைப் போட்டால் முகம் உடைந்துவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான். மேற்பரப்பு மட்டும் மேடும் பள்ளமுமாகிவிட்டது. ஒளி ஒழுங்காகத் திரும்பாமல் சிதறிவிடுகிறது. உலோகத்திலும் பெயின்டிலும் இதே கதைதான். கீறல் என்பது உறைந்துபோன அலை.

அப்படியானால் பாலிஷ் போடுவது கீறல்களை அழிப்பதா? இங்கேதான் வேடிக்கை. பாலிஷ் போடுவதும் கீறுவதுதான்! பெரிய கீறலைச் சின்னக் கீறலாலும், சின்னக் கீறலை இன்னும் சின்னக் கீறலாலும் தேய்த்துக்கொண்டே போகிறோம். கடைசியில் ஒளிக்கே தெரியாத அளவு நுண்ணிய கீறல்கள்தான் மிஞ்சும். அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஐசக் நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே கண்ணாடியைத் தேய்ப்பது பற்றி இதைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த சங்கதி. 1668இல் அவர் செய்த தொலைநோக்கியின் உலோகக் கண்ணாடி ஒரு பெரிய நாணயம் அளவுதான் இருக்கும். செம்பும் வெள்ளீயமும் கலந்த அந்த வட்டத்தைத் தன் கையாலேயே தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஆப்பிள் கதையைச் சொல்லும் எல்லாரும் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை!

எவ்வளவு நுண்ணியது என்றால் ஒளிக்குத் தெரியாது? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு மைக்ரான் என்று பெயர். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. கீறல் அதைவிட மிகவும் சின்னதாகிவிட்டால் ஒளி அதைச் சட்டை செய்வதில்லை. பெரிய லாரிக்குச் சாலையில் கிடக்கும் கடுகு தெரியுமா? அப்படித்தான்.

புரிகிறதா? புரியாவிட்டால் மறுபடி ஒருமுறை படியுங்கள். அவசரமே இல்லை.

சரி, எதைக் கொண்டு கீறுவது? கீறப்படும் பொருளைவிடக் கடினமான ஒன்று வேண்டும். காற்றாடி விடும் மாஞ்சா நூல் ஏன் மற்ற நூலை அறுக்கிறது? அதில் தடவிய கண்ணாடித் தூள், பருத்தி நூலைவிடக் கடினம். கழுத்தையும் அறுத்துவிடும் என்பதால்தான் அதற்குத் தடை. மாஞ்சா வேண்டாம், அறிவியலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பாலிஷ் பசையில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு தூள். இயற்கையில் இது கிடைக்கும்போது இதற்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். இந்தப் பெயர் எங்கிருந்து போனது தெரியுமா? நம் குருந்தம்! தமிழிலிருந்து கப்பலேறிப் போன சொல் அது. மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் வண்ணப் பிள்ளைகள்தான். மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் தாதுக்களின் கடினத்தை வரிசைப்படுத்தினார். அதில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9.

கதை அதோடு முடியவில்லை. 1891 வாக்கில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்சாரத்தால் பயங்கரமாகச் சூடாக்கினார். வைரம் வரவில்லை. பளபளவென்று கடினமான சில்லுகள் வந்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று தப்பாக நினைத்து, கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. அதில் குருந்தமே இல்லை! ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டறையில் யாராவது கார்பரண்டம் கல் என்று சொன்னால், பாதித் தமிழ்தான் பேசுகிறார் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைக்கு முன் அம்மா புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதும் இதுதானே என்று ஒரு சுட்டி கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அது வேறு. புளியில் இருக்கும் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைக்கிறது. அது வேதியியல். கீறலைப் புளி ஒன்றும் செய்யாது.

இப்போது காருக்குப் போவோம். காரின் பெயின்ட் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பஜ்ஜிக்கு வாழைக்காயை மாவில் முக்குவது போல, தொழிற்சாலையில் காரின் இரும்புக் கூட்டை முழுசாக ஒரு பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித் துருத் தடுப்புப் பூச்சை ஒட்டவைக்கிறார்கள். அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான். யோசித்துப் பாருங்கள், ஒன்றரைத் தாள்!

மேலே இருக்கும் கிளியர் கோட் மட்டும் என்றால் 40, 50 மைக்ரான். அரைத் தாள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவது அந்த அரைத் தாள்தான். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதிலிருந்து சில மைக்ரான் குறைகிறது. நன்றாகப் பழுத்த மல்கோவா மாம்பழத்தின் தோலை மட்டும், சதையில் கத்தி படாமல் சீவுகிற வேலை இது.

அதனால்தான் பட்டறைக்காரர்கள் முதலில் நகத்தால் கீறலைத் தடவிப் பார்ப்பார்கள். நகம் மாட்டினால் கீறல் ஆழம்; பாலிஷில் போகாது. நகம் வழுக்கிக்கொண்டு போனால் மெஷினை எடுக்கலாம்.

மேஜை மேல் இருந்த முதல் மெஷின் உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேட்டுக்குக் கம்பி அறுக்கிறவர் கையில் தீப்பொறி பறக்க வைத்திருப்பாரே, அந்த ஆங்கிள் கிரைண்டர். "இதுல கம்பளி பேட் மாட்டிக்கலாம் சார், மலிவா முடிஞ்சுடும்" என்றார் கடைக்காரர்.

ஒரு கணக்குப் போடலாமா? பேப்பர், பென்சில் எடுங்கள்.

அதன் வட்டு 10 செ.மீ. விட்டம். சுற்றளவு 10 × 3.14, அதாவது 31.4 செ.மீ. நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. பெருக்கினால் 3,45,400 செ.மீ. நிமிடத்துக்கு 3,454 மீட்டர்! ஒரு மணி நேரத்துக்கு மாற்றினால் 207 கிலோமீட்டர். வட்டின் ஓரம் அந்த வேகத்தில் பெயின்டை உரசும்.

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேயுங்கள். சூடு தெரிகிறதல்லவா? அதை 207 கி.மீ. வேகத்தில் தேய்த்தால்? பெயின்ட் சூட்டை எளிதில் கடத்தாது. சூடு உரசின இடத்திலேயே தங்கும். பெயின்ட் இளகும், கருகும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இதே போல ஒரு கம்பளி பேடை கிரைண்டரில் மாட்டி, என் சொந்தக் காரின் பானெட்டில் வைத்தேன். நடுப்பகுதியில் ஒன்றும் ஆகவில்லை. ஆகா, நானும் பெயின்டர் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன். மூன்று எண்ணுவதற்குள் கருஞ்சிவப்பு போய்ச் சாம்பல் நிறப் பிரைமர் பல்லைக் காட்டியது. டிங்கரிங் பட்டறையில் பெயின்டர் அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், மாங்கா வெட்டுற அரிவாளால மாம்பழத் தோலை உரிச்சிருக்கீங்க" என்றார். அந்த மாம்பழ உதாரணம் மேலே எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டதா?

ஏன் ஓரத்தில் மட்டும் போனது? உங்கள் புத்தகப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான பட்டை தோளை வலிக்கச் செய்யாது. அதே பையை ஒரு கயிற்றில் மாட்டித் தூக்கினால் தோள் அறுபடும். எடை அதேதான், தாங்கும் பரப்பு குறைந்துவிட்டது. பானெட்டின் விளிம்பும் அப்படித்தான். என் கை அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் இறங்கியது. விளிம்பில் பெயின்ட் கொஞ்சம் மெலிந்தும் இருக்கும். இப்போது நான் மெஷினைத் தொடுவதற்கு முன் எல்லா விளிம்புக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன்.

ஆகவே முதல் மெஷின் வேண்டாம். அத்தானும் மலிவு என்ற சொல்லை அதோடு விட்டார்.

இரண்டாவது ரோட்டரி பாலிஷர். இதுவும் ஒரே அச்சில் சுற்றுவதுதான். ஆனால் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்றிலிருந்து 3,000 வரை. 15 செ.மீ. பேடை 1,500இல் ஓட்டினால் ஓரத்தின் வேகம் மணிக்குச் சுமார் 42 கி.மீ. டவுன் பஸ் வேகம்! இந்தக் கணக்கை நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

இதில் ஒரு சிக்கல். திருவிழாவில் குடைராட்டினம் ஏறியிருக்கிறீர்களா? நடுக்கம்பத்தை ஒட்டி நின்றால் மெல்லச் சுற்றும். ஓரத்துக் குதிரையில் உட்கார்ந்தால் காற்று முகத்தில் அறையும். பேடும் அதுபோலத்தான். நடுப்புள்ளி சும்மா இருக்கும், ஓரம் பறக்கும். ஒரே திசையில், ஒரே மாதிரி வில் வளைவாகக் கோடுகள் விழும். அனுபவம் இல்லாத கை என்றால் வெயிலில் கார் மேல் அலை அலையாக ஓடும். ஒரு வலையை எடுக்கப் போய் இன்னொரு வலை!

தேர்ந்த பெயின்டருக்கு இது பிடித்த மெஷின். வேகமாக வெட்டும், ஆழமான கீறலையும் எடுக்கும். கற்றுக்குட்டிக்கு இது முரட்டுக் காளை.

மூன்றாவதுதான் அக்கா மகனின் கேள்விக்குச் சரியான பதில். இதைப் பட்டறையில் டிஏ என்பார்கள். இரட்டை ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாட்டி வீட்டில் ஆட்டுக்கல் இருக்கிறதா? பாட்டி மாவு ஆட்டும்போது குழவியைக் கவனியுங்கள். குழியின் ஓரத்தை ஒட்டி அது வட்டமடிக்கிறது. அதோடு பாட்டியின் பிடிக்குள் தன்னைத்தானேயும் மெல்லச் சுற்றிக்கொள்கிறது. இரண்டு சுற்றல் ஒரே நேரத்தில்! பூமியும் சூரியனைச் சுற்றி வருவது இந்த மாதிரிதானே.

டிஏ மெஷினில் பேடின் நடுப்புள்ளி மோட்டார் அச்சுக்கு நேராக இல்லை. கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால் மோட்டார் சுற்றும்போது பேட் முழுவதும் ஒரு சின்ன வட்டம் அடிக்கிறது. பேடைத் தாங்குவது ஒரு பேரிங் மட்டும். அதனால் அது தன் இஷ்டத்துக்குச் சுழலவும் செய்கிறது. ஒரு குருந்தத் துகள் போன தடத்திலேயே அடுத்தது போகாது. கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரிசை கட்டாது. வரிசை கட்டாத நுண்கீறல் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

சூடும் குறைவு. ஏன் தெரியுமா? அதிகமாக அழுத்தினால் அந்தச் சுழற்சி நின்றுவிடும். பேட் நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கும். தப்பு செய்தால் தானே வேலைநிறுத்தம் செய்யும் மெஷின்! எனக்கு இதன் மேல் தனிப் பாசம்.

பேட் அடிக்கும் அந்தச் சின்ன வட்டத்தின் விட்டம் 8, 15, 21 மி.மீ. என்று பல அளவில் வருகிறது. 21 பெரிய தட்டையான இடத்துக்கு வேகம். கதவுக் கைப்பிடி, கண்ணாடி மாதிரி வளைவு நெளிவுக்கு 8 நல்லது. வீட்டில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வது என்றால் 15 போதும் என்பேன்.

இன்னும் இரண்டு விஷயம் கடையிலேயே காதால் சோதிக்கலாம். அம்மா மிக்ஸியில் கெட்டிச் சட்னி அரைக்கும்போது சத்தம் மாறுமே? சுமை கூடினால் அந்த வகை மோட்டாரின் வேகம் இறங்கும். கையில் பிடிக்கும் பாலிஷரிலும் மின்கம்பி உள்ள மெஷின் என்றால் பெரும்பாலும் அதே வகை மோட்டார்தான். நல்ல மெஷினில் ஒரு மின்னணுச் சுற்று இருக்கும். சுமை ஏறினாலும் வேகத்தை விடாது. அழுத்தும்போது சத்தம் தொங்கினால் அந்த மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது, மூடி போடாமல் மிக்ஸியை முழு வேகத்தில் போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? சிரிக்கிறவர்களுக்கு உண்டு! பாலிஷரும் அப்படித்தான். எடுத்த எடுப்பில் பறக்கும் மெஷின் பசையைச் சுவரெல்லாம் தெளிக்கும். மெல்ல ஆரம்பித்து வேகம் பிடிப்பது வேண்டும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வாட் எண் போட்டிருப்பார்கள். அது மெஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்ற கணக்கு. எவ்வளவு நன்றாகப் பாலிஷ் போடும் என்பது அதில் இல்லை. அதைவிட எடையைப் பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் வட்டம் போடுவது போலப் பத்து நிமிடம் செய்து பாருங்கள். காரின் கதவுக்குப் பாலிஷ் போடுவது அதுதான். கை வலித்தால் மெஷின் சாயும். சாய்ந்தால் ஒரு விளிம்பு மட்டும் வெட்டும்.

இனி புல்லட் மூடிக்கு வருவோம்.

அலுமினிய மூடியில் அரைத் தாள் பயம் இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் உலோகம் இருக்கிறது. அது சூட்டையும் உடனே உடம்பெல்லாம் பரப்பிவிடும். ஆனால் பல வருடத்துப் பள்ளமும் படலமும் உண்டு. டிஏ மெஷினின் மெல்லிய ஆட்டத்துக்கு அது அசையாது. இங்கே முரட்டுத்தனம் வேண்டும்.

முதலில் உப்புத்தாள். எண் ஏற ஏற மணல் நைசாகும் என்பதை மறக்காதீர்கள். 240, 400, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுக்கொண்டு தேய்க்க வேண்டும். பழைய ஆள்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். 400ஆல் மேலும் கீழுமாகத் தேய்த்தால், 600ஆல் இடமும் வலமுமாகத் தேய்ப்பார்கள். மேலும் கீழுமான கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாதபோதுதான் அடுத்த தாள். அவசரப்பட்டு ஒரு எண்ணைத் தாண்டினால், கடைசியில் கண்ணாடி போல மின்னும்போது அந்தப் பழைய கோடு நடுவில் நின்று கையாட்டும்.

பிறகு துணிச் சக்கரம். பருத்தித் துணி வட்டங்களை அடுக்கித் தைத்திருப்பார்கள். சோப்புக் கட்டி போல இருக்கும் பாலிஷ் கட்டியை அதில் காட்டினால் அது பூசிக்கொள்ளும். பாத்திரப் பட்டறைகளில் எவர்சில்வர் குடம் முகம் பார்க்கும் கண்ணாடி ஆவது இப்படித்தான். மேஜையில் பொருத்தி இந்தச் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார், வீட்டில் மாவு அரைக்கும் கிரைண்டரின் மோட்டார் வகை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. நிமிடத்துக்கு 50 × 60, அதாவது 3,000. இரண்டு காந்த முனை கொண்ட மோட்டார் அதைத் துரத்திக்கொண்டு கொஞ்சம் பின்தங்கி, 2,800 சொச்சம் சுற்றும். எப்போதும் ஏறக்குறைய ஒரே வேகம்.

இந்தச் சக்கரத்தின் பக்கம் நீங்கள் போகவே கூடாது, சுட்டிகளே. இதை நான் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. தொளதொளச் சட்டை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, பின்னல், எது மாட்டினாலும் உள்ளே இழுத்துவிடும். மூடியின் விளிம்பு தப்பான கோணத்தில் பட்டால், சக்கரம் அதைப் பிடுங்கி எறியும். பெரியவர்களே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். நீங்கள் தூர நின்று பாருங்கள். பார்ப்பதற்கே அத்தனை அழகு.

அத்தான் என்ன வாங்கினார் என்று கேட்கிறீர்களா? இரண்டு வேலைக்கும் ஒரே மெஷின் என்றால் வேகம் குறைக்கக்கூடிய ரோட்டரிதான். ஆனால் அதில் கார் அவருக்குச் சரியாக வராது என்று நான் நினைத்தேன். சொல்லியும்விட்டேன். மூடிகள் மொத்தம் மூன்று. மூன்று மூடிக்காகத் துணிச் சக்கரமும் மோட்டாரும் வீட்டில் வைப்பானேன்? அவற்றைப் பாலிஷ் பட்டறையில் கொடுத்துவிட்டார். காருக்கு 15 மி.மீ. டிஏ, கூடவே இரண்டு ஸ்பான்ச் பேட். கொஞ்சம் கெட்டியானது வெட்ட, மெத்தென்றது மெருகேற்ற. மாற்றுப் பேட் நம் ஊரிலேயே கிடைக்கிறதா என்று பில் போடுவதற்கு முன் கேட்டதும் அக்கா மகன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காரை நிழலில் நிறுத்திக் கழுவினோம். பேடைத் தாங்கும் கறுப்பு வட்டின் ஓரத்தில் வெள்ளை ஒயிட்னரால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மெஷின் சரியாகச் சுழன்றால் கோடு கரைந்து தெரியாமல் போகும். சுழற்சி நின்றால் கோடு பளிச்சென்று வந்துவிடும்.

கோட்டைப் பார்க்கும் வேலை அவனுக்கு. எட்டடி தள்ளி நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அத்தான் பானெட்டின் மேல் குனிந்தார். மெஷின் ஊம் என்று முனகியது. கோடு மறைந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு பிடிவாதமான கீறல் கண்ணில் பட்டதும் அத்தான் தோளைக் கொடுத்து அழுத்தினார்.

"அப்பா! கோடு தெரியுது!"

அத்தான் கையைத் தளர்த்தினார். கோடு மறைந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும்.

"அப்பா! கோடு!"

அன்று மத்தியானத்துக்குள் அவன் பதினேழு முறை கத்தினான். நோட்டில் எண்ணி எழுதியும் வைத்திருக்கிறான். முதல் மணியில் பதினொன்று, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் ஒன்று.